கெபாயாவும் பெண்ணுரிமையும்

பெண்களின் உடையைப் பற்றி வாய் திறவாத வைதிகரும் இல்லை. வாய் திறவாத சீர்திருத்தக்காரரும் இல்லை. பெண் புதிதாக எதை உடுத்தினாலும் குலம் கெட்டது என்பர் முன்னவர். பின்னவருள்ளும் சிலர், நாடு கெட்டது என்று அதையே வேறு சொற்களால் சொல்லுவர். இருவருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. உடுத்துகிறவளை ஒரு வார்த்தையும் கேளாமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆகையால் 1960-களிலும் 1970-களிலும் சிங்கப்பூரில் உடை நாகரிகத்திற்கு எடுத்துக்காட்டாக விளங்கிய பெண்மணிகளின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகும் நாம், அவ்வுடை அழகா, அலங்கோலமா என்று கேட்கப் போவதில்லை. அவ்வுடையை முடிவு செய்தவர் யார் என்று மட்டுமே கேட்கப் போகின்றோம்.

அக்காலத்துச் சிங்கப்பூரின் உடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கெபாயா. முன்புறம் திறந்த மெல்லிய மேற்சட்டை. அதைப் பொத்தானின்றி மூன்று ஊசிப்பதக்கங்களால் பூட்டிக்கொள்வார்கள். இடுப்பிற்குக் கீழே பாத்திக் சாரோங். இது மலாய்ப் பெண்களுக்கும் பெரனாக்கான் சீனப் பெண்களுக்கும் உரியதென்றும், தமிழருக்கு இதில் பங்கில்லை என்றும் நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் கடல் கடந்து வந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களான மலாக்கா செட்டிகளின் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சாரோங்கும் கெபாயாவும் அணிந்தவர்களே. மலாய் மொழி பேசிக்கொண்டு, மாரியம்மனையும் பிள்ளையாரையும் வழிபட்டுக்கொண்டு வாழ்ந்த கூட்டம் அது. அவர்களுடைய பழம்பொருள்களைக் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018-ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்தது. மேலும், மலாய் ஆடவர் உடுத்தும் கட்டம்போட்ட சாரத்திற்குப் ‘பெலிக்காட்’ என்று பெயர். அது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயரே. ஆகவே இவ்வட்டாரத்தின் உடை வரலாற்றில் நம் தறியின் ஓசையும் கலந்திருக்கிறது. எந்த உடையும் ஓர் இனத்தின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நிற்க. கெபாயாவை வீட்டிலிருந்து வீதிக்கும், வீதியிலிருந்து வெள்ளித்திரைக்கும் கொண்டுவந்தவர்கள் நடிகைகள். பாலஸ்தியர் சாலையை அடுத்த ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் கேத்தே-கெரிஸ் நிலையம் இருந்தது. அங்கே மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியர். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், பி. என். ராவ், பானி மஜும்தார் ஆகியோரும், சென்னையிற் பிறந்த எல். கிருஷ்ணனும் அவர்களுள் அடங்குவர். கிருஷ்ணன் 1950-இல் எடுத்த ஒரு மலாய்ப் படத்தின் பெயரே ‘பக்தி’ என்பதாகும்.

பி. என். ராவ் 1957-இல் கேத்தே-கெரிஸுக்காக இயக்கிய ‘பொந்தியானாக்’ என்னும் பேய்ப்படத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்றவர் மரியா மெனாடோ. வட சுலவேசியின் மெனாடோ நகரத்தின் பெயரையே தம் பெயரோடு சூட்டிக்கொண்ட இவ்வம்மையார் திரையில் கோரப்பேயாக நின்றார். திரைக்கு வெளியே அழகிய கெபாயாவுக்கு இலக்கணமாகப் பேசப்பட்டார். நடிகையாக இருந்தவர் பின்பு சொந்தமாகப் படக்கம்பெனியும் நடத்தினார் என்பதே நாம் முக்கியமாகக் கருதுவது. ஆடவரே முதலாளிகளாக இருந்த தொழிலில் ஒரு பெண், ‘என் முகத்தைக் கொண்டு நானே வாணிகம் செய்வேன்’ என்று நின்றது சிறிய செய்தியன்று.

அடுத்தவர் சலோமா. 1935-இல் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங்கிற் பிறந்தவர், பாடகி, நடிகை, 1961-இல் புகழ்பெற்ற பி. ரம்லியை மணந்தவர். உடலோடு ஒட்டித் தைத்த கெபாயாவும், முழங்காலுக்குக் கீழே மீன்வால் போல விரியும் கீழாடையுமே அவர் கோலம். இன்றைக்கும் அவ்வகைத் தையலுக்கு அவர் பெயரையே சொல்லுகிறார்கள். தம் உடையைத் தாமே வகுத்துக்கொண்டார் என்று அவரைப் பற்றிக் கூறுவர். படங்களைப் பார்த்துவிட்டு வந்த பெண்கள் தையற்காரரிடம் துணியைக் கொடுத்து, ‘சலோமா போட்டிருந்தாரே, அப்படித் தையுங்கள்’ என்றால் போதும். மலாய்ப் பெண்ணொருத்தி உடைக்குப் பாரிஸைப் பாராமல், பாரிஸுக்குத் தன்னிடமும் காட்டத்தக்கது உண்டென்று நிமிர்ந்து நின்ற காலம் அது. இறுக்கமான உடை ஒழுக்கக் கேடு என்று முகம் சுளித்தவர்களும் இருந்தனர். ஆனால் சுளித்த முகங்கள் மறக்கப்பட்டன. 1983-இல் மறைந்த சலோமாவின் பெயரோ தையற்கடைகளில் இன்றும் வாழ்கின்றது.

மூன்றாமவர் திரையைச் சார்ந்தவரல்லர். 1959 டிசம்பரில் யூசோப் இஷாக் நாட்டின் தலைவராகப் பதவியேற்றபோது, அவர் மனைவியார் புவான் நூர் ஆயிஷாவுக்கு வயது 26. பினாங்கில் எளிய குடும்பத்தில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். இஸ்தானாவுக்கு வந்த பின்னரே ஆங்கிலம் பயின்றார். வெள்ளைக்கார கவர்னர்களின் மனைவிமார் விருந்தளித்த அதே மாளிகையில், அயல்நாட்டு மன்னர்களையும் தலைவர்களையும் அவர் மலாய் உடையிலேயே வரவேற்றார். இது அலங்காரமன்று, அரசியல். ஆண்டவர் உடையைக் கழற்றி வைத்துவிட்டு ஆளப்பட்டவர் உடையோடு மாளிகையில் நடப்பது, விடுதலைப் பத்திரத்தை வாசிப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அவர் 2025 ஏப்ரலில் காலமானபோது, முதியோர் பலர் முதலில் நினைவுகூர்ந்தது அவருடைய அமைதியையும் அவர் உடையின் பாங்கையும்தான்.

இம்மூவரிடமும் பொதுவாக உள்ளது எது? அவர்கள் உடையில் அவர்களுடைய பெயர் இருந்தது. ‘மரியா’, ‘சலோமா’, ‘புவான்’ என்று ஆளைச் சொல்லித்தான் உடையைச் சொன்னார்கள்.

இனி நம் சிராங்கூன் சாலைக்கு வருவோம். ‘லிட்டில் இந்தியா’ என்ற பெயர் சுற்றுலாக்காரருக்காகப் பிற்காலத்தில் பரப்பப்பட்டது. நம்மவர்க்கு அது தேக்காதான். கண்டாங் கெர்பாவ் சந்தையும், பூக்கடைகளும், நகைக்கடைகளும், சேலைக் கடைகளும் நிறைந்த அவ்வீதியில் 1960-களில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. தமிழ்ப்படங்களில் சரோஜாதேவியும் பத்மினியும் சாவித்திரியும் உடுத்திய சேலையும், அணிந்த ரவிக்கையும், முடித்த கொண்டையும் கடல் கடந்து வந்தன. நைலெக்ஸ் என்று வழங்கிய செயற்கை இழைச் சேலைகள் வந்தன. கசங்காத, சாயம் போகாத, துவைத்த சிறிது நேரத்தில் உலர்கின்ற அச்சேலைகள், அடுக்குமாடி வீட்டில் வேலைக்காரியின்றி வாழ்ந்த பெண்ணுக்குப் பெரும் உதவியாயின. பட்டுச்சேலை பெட்டியிலே கிடந்து குடும்பத்தின் கௌரவத்தைக் காத்தது. நைலெக்ஸ் சேலையோ பஸ் ஏறி வேலைக்குப் போயிற்று.

வேலைக்குப் போயிற்று என்றோம். இங்கேதான் வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. 1961-இல் சிங்கப்பூரில் மாதர் சாசனம் என்னும் சட்டம் நிறைவேறியது. முஸ்லிம் அல்லாதாரிடையே ஒருவன் பல பெண்களை மணக்கும் வழக்கத்தை அது ஒழித்தது; மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும் தொழில் செய்யவும் உள்ள உரிமையை உறுதி செய்தது. 1960-களின் பிற்பகுதியில் ஆலைகள் பெருகின. மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் திரள் திரளாகச் சேர்ந்தனர். தன் கூலியைத் தன் கையில் வாங்கிய பெண் தன் துணியைத் தானே தெரிந்தெடுத்தாள். நடிகையைப் பார்த்து ஆசைப்படுவது எக்காலத்தும் இருந்ததே. ஆசைப்பட்டதை எவரிடமும் கை நீட்டாமல் வாங்குவதுதான் புதிது. ‘சினிமாவைப் பார்த்துப் பெண்கள் கெட்டார்கள்’ என்று அன்று புலம்பியவர்கள் உண்மையில் அஞ்சியது சினிமாவுக்கு அன்று, சம்பள உறைக்கே.

இந்நிலையில் 1968-ஆம் ஆண்டில், மலேசியா-சிங்கப்பூர் விமான நிறுவனம் தன் பணிப்பெண்களுக்குச் சீருடை வகுக்கும்படி பாரிஸின் பியேர் பால்மான் என்னும் உடைக் கலைஞரைக் கேட்டது. அவர் கெபாயாவை எடுத்து, பாத்திக் துணியிலேயே மேலும் கீழும் ஒன்றுபோல் அமைத்து, உடலின் அளவுக்கு ஒட்டித் தைத்துக் கொடுத்தார். 1972-இல் அந்நிறுவனம் இரண்டாகப் பிரிந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தோன்றியபோது அவ்வுடை அதனோடு நிலைத்தது. ‘சிங்கப்பூர்ப் பெண்’ என்ற பெயரில் உலகமெங்கும் விளம்பரம் பரந்தது. நீலம், பச்சை, சிவப்பு, ஊதா என்று நிறத்தால் பதவி காட்டும் அவ்வுடை தரித்த உருவம் 1993-இல் லண்டன் மேடம் துசோ மெழுகுச் சிலைக் கூடத்திலும் ஏறியது.

இதனால் நாட்டுக்குப் புகழும் நிறுவனத்துக்குப் பொருளும் கிடைத்தன என்பதை யாரும் மறுக்க முடியாது. பல குடும்பத்துப் பெண்கள் உலகைக் கண்டார்கள், நல்ல சம்பளம் பெற்றார்கள், வீட்டாரைத் தாங்கினார்கள். அதையும் நாம் மதிக்கின்றோம். ஆனால் நம் பழைய கேள்வியை இங்கே கேட்டுப் பார்ப்போம். உடையை முடிவு செய்தவர் யார்? பாரிஸின் ஓர் ஆடவர். கோலத்தை விற்றவர் யார்? விளம்பரக்காரர். உடுத்தியவளின் பெயர் என்ன? பெயர் இல்லை, ‘பெண்’ என்பதே பெயர். சலோமாவின் கெபாயாவில் சலோமா இருந்தார். இந்தக் கெபாயாவிலோ நிறுவனம் இருந்தது.

துணியை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. பணிப்பெண் கருவுற்றால் வேலையை விட்டு நீங்க வேண்டும் என்னும் விதி அங்கே நெடுங்காலம் இருந்து வந்தது. 2022 ஜூலை முதல்தான், கருவுற்றவர் தரையில் வேறு வேலை பார்த்துவிட்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் மீண்டும் விமானமேற வழி செய்யப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், கெபாயா ஐந்து நாடுகளின் கூட்டு மரபாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. உடைக்கு உலக மரியாதை வந்தது மகிழ்ச்சியே. உடுத்தியவளின் தாய்மைக்கு மரியாதை வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும் அதே ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

‘உடை போன்ற அற்ப விஷயத்தில் உரிமையைத் தேடுவானேன்?’ என்று கேட்பாரும் உளர். அவர்கள் நம் நாட்டு வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிந்த குற்றத்திற்காகத் தெருவில் அடிபட்டார்கள். தலைமுறைக் கணக்கில் நடந்த அத்தோள்சீலைப் போராட்டத்தின் பயனாக 1859-இல் அரசாணை பிறந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்ற நிபந்தனையோடுதான் பிறந்தது. ஒரு முழத் துணிக்குள் சாதியும் அரசும் அடங்கியிருந்தன. அன்று, ‘மூடாதே’ என்றார்கள். பின்னாளில், ‘திறக்காதே’ என்றார்கள். இரண்டு கட்டளைகளும் ஒரே வாயிலிருந்து வந்தவை. பெண்கள் விரும்பினால் தலைமயிரைக் கத்தரித்துக்கொள்ளட்டும், லுங்கியும் சட்டையும் அணியட்டும் என்று பெரியார் சொன்னபோது நகைத்தவர்கள், அவர் பேசியது துணியைப் பற்றியன்று, கட்டளையிடும் வாயைப் பற்றியே என்பதை உணரவில்லை.

ஆடவருக்கும் இக்கட்டளையின் கசப்புச் சிறிது தெரிந்த காலம் ஒன்று உண்டு. 1970-களில் சிங்கப்பூர் அரசாங்கம் ஆண்கள் நீண்ட தலைமயிர் வளர்ப்பதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. அலுவலகங்களில், நீண்ட முடியுள்ள ஆண்களுக்குக் கடைசியாகவே கவனிப்பு என்று அறிவிப்புகள் தொங்கின; எதுவரை நீண்டால் நீளம் என்று படம் வரைந்தும் காட்டினார்கள். ‘என் தலைமயிர் என் உரிமை’ என்று அன்று வெகுண்ட வாலிபர் பலர், வீட்டுக்குச் சென்றதும் தங்கையின் குட்டைப் பாவாடையை அளக்க முழக்கோல் எடுத்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. தன் தலைக்கு வந்தபோது மட்டும் உரிமை என்று தோன்றுவது மனித இயல்பு. பிறர் தலைக்கு வரும்போதும் அது உரிமையே என்று காண்பதுதான் சீர்திருத்தம்.

ஆகையால் அன்பர்களுக்கு நாம் கூறிக்கொள்வது இது. ஒரு காலத்துப் பெண்களின் நிலையை அறிய அவர்களுடைய புகைப்படங்களைப் பார்க்கும்போது, துணியின் நீளத்தை அளவாதீர்கள். அத்துணிக்குப் பணம் கொடுத்தவர் யார், தையலைச் சொன்னவர் யார், அதைக் கழற்றி வைக்கவும் அவளுக்கு உரிமை இருந்ததா என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால், புகழ்பெற்ற நடிகையின் கெபாயாவுக்கும், இஸ்தானா அம்மையாரின் மலாய் உடைக்கும் பக்கத்திலே, தேக்காவில் தன் முதற்சம்பளத்தில் நைலெக்ஸ் சேலை வாங்கிய பெயரறியாத தமிழ்ப் பெண்ணையும் நிறுத்தி வைக்கத் தோன்றும். அவள் படம் எந்தப் பத்திரிகையின் அட்டையிலும் வந்ததில்லை. ஆயினும் அவள் கடைக்காரரிடம், ‘இது வேண்டாம், அதை எடுங்கள்’ என்று விரல் நீட்டிய அந்த நொடி, நம் சமூகத்தின் வரலாற்றில் குறிக்கத்தக்க நொடியே ஆகும்.