நிற்கும் வண்டியின் மூப்பு

1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் ஜான் ஸ்டைன்பெக் தம் நாயுடன் நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து புறப்பட்டார். ஜி.எம்.சி. பிக்கப் வண்டி ஒன்றின் மேல் படுக்கையும் அடுப்பும் மேசையும் கொண்ட சிற்றறை ஒன்றைப் பொருத்தி, டான் கிஹோட்டேயின் குதிரைக்குரிய ரோசினான்டே என்னும் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார். அந்தப் பயணத்தின் கதையான 'டிராவல்ஸ் வித் சார்லி' 1962-இல் வெளிவந்தது. அதைப் படித்தவர்களுக்கு ஓரிகனில் மழை கொட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர் வெடித்த இடம் நினைவிலிருக்கும். படிக்காமல் விட்ட புத்தகங்களையெல்லாம் மூட்டையாக ஏற்றிக்கொண்டு கிளம்பிய மனிதர் அவர். வண்டி தாங்கவேண்டியதற்கு மேல் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த நூலில் உண்மை எவ்வளவு, புனைவு எவ்வளவு என்ற விவாதம் பின்னாளில் எழுந்தது. ஆனால் மிகுந்த பாரமும் களைத்த டயரும் சேர்ந்த அந்தக் காட்சி, வீட்டு வண்டி வைத்திருக்கும் எவருக்கும் புனைவாகத் தோன்றாது.

அதே செப்டம்பரில்தான் அட்லாண்டிக்கின் மறுகரையில் பிரிட்டன் தன் பழைய வாகனங்களைச் சோதிக்கத் தொடங்கியது. அந்தச் சோதனையின் வரலாற்றையும், வீட்டைச் சுமந்து திரியும் வண்டிகளின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு முரண் புலப்படுகிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

1959 நவம்பரில் எம்1 என்னும் முதல் நெடுந்தொலைவு மோட்டார் சாலையைப் போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் திறந்துவைத்தார். அன்று அதில் வேக வரம்பு இல்லை. போருக்கு முன் செய்யப்பட்ட கார்களும் இளைத்த பிரேக்குகளோடு அதே சாலையில் ஓடின. 1956-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அளித்த அதிகாரத்தைக் கொண்டு, பத்து ஆண்டு கடந்த வாகனங்கள் ஆண்டுக்கொருமுறை சோதனைக்கு வரவேண்டும் என்று மார்ப்பிள்ஸ் ஏற்பாடு செய்தார். நம் ஊரில் 'எஃப்.சி.' என்கிறோமே, ஏறக்குறைய அதுபோன்றது. போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கில முதலெழுத்துகளால் அதற்கு 'எம்.ஓ.டி.' என்ற பெயர் நின்றது. அந்த அமைச்சகம் 1970-இல் வேறொரு துறைக்குள் கரைந்துபோன பின்னும் பெயர் மட்டும் இன்றுவரை வாழ்கிறது.

தொடக்கத்தில் பார்க்கப்பட்டவை மூன்றே: பிரேக், விளக்கு, ஸ்டியரிங். அந்த மூன்றிலேயே தோற்ற வாகனங்கள் ஏராளம். எனவே பத்து ஆண்டு என்ற வரம்பு 1961-இன் இறுதியில் ஏழாகவும், 1967-இல் மூன்றாகவும் குறைந்தது. 1968-இல் டயர் சேர்ந்தது. சோதிப்பவர்கள் பெரும்பாலும் தனியார் பட்டறைக்காரர்களே. பழுதைக் கண்டுபிடிப்பவரே அதைச் சரிசெய்து பணமும் பெறலாம் என்ற ஏற்பாடு அன்று முதலே ஐயத்துக்கு உள்ளாகி வருகிறது. ஜெர்மனியின் மரபு வேறு. அங்கே சோதனைக்குப் பெயர்பெற்ற டி.யூ.வி. அமைப்புகளின் வேர், 1866-இல் மன்ஹைம் நகரில் ஒரு கொதிகலன் வெடிப்பைத் தொடர்ந்து உருவான கொதிகலன் ஆய்வுச் சங்கத்தில் இருக்கிறது. அவை சோதிப்பதோடு சரி, பழுது பார்ப்பதில்லை.

*

வீட்டு வண்டி மோட்டாரை விட மூத்தது. 'வாண்டரர்' என்ற பெயரில் 1885-இல் பிரிஸ்டலில் கட்டப்பட்ட குதிரை வண்டியில் இன்பப் பயணம் போன கார்டன் ஸ்டேபிள்ஸ், சிறுவர்களுக்கான சாகசக் கதைகளை எழுதிக் குவித்தவர். ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள அந்த மரவீட்டை இரண்டு குதிரைகள் இழுத்தன. குதிரை களைத்தால் நின்றுவிடும், நொண்டினால் கண்ணுக்குத் தெரியும். மோட்டாருக்கு அந்த நேர்மை கிடையாது.

1950-களில் வீட்டு வண்டி நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டியது. ஃபோக்ஸ்வேகனின் வேன் 1950 மார்ச்சில் உற்பத்திக்கு வந்தது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் எடுத்துவைக்கக்கூடிய படுக்கை, அலமாரிப் பெட்டியைச் செய்தது. இங்கிலாந்தில் ஃபோக்ஸ்டன் நகரின் மார்ட்டின் வால்டர் நிறுவனம் பெட்ஃபோர்ட் வேன்களை 'டார்மோபில்' ஆக்கியது. பக்கவாட்டில் விரிந்து எழும் அதன் கோடு போட்ட துணிக்கூரை ஒரு தலைமுறையின் கோடை விடுமுறையின் அடையாளமாயிற்று. எந்த வீட்டு வண்டியையும் டார்மோபில் என்றே அழைக்குமளவுக்கு அந்தப் பெயர் பொதுச்சொல்லானது.

இவ்வண்டிகள் எல்லாம் சரக்கு ஏற்றுவதற்காகப் பிறந்தவை. சரக்கு வேன் காலையில் பாரத்தோடு போய் மாலையில் காலியாகத் திரும்பும். வீட்டு வண்டிக்குக் காலியாதல் என்பதே இல்லை. அலமாரியும் அடுப்பும் நீர்த்தொட்டியும் இரவும் பகலும் அதன் ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்திருக்கின்றன. சரக்கு வேன் நாள்தோறும் ஓடும். வீட்டு வண்டியோ ஆண்டின் பெரும்பகுதியை வீட்டு வாசலில் நின்றே கழிக்கும். ஓட்டத்தால் வரும் தேய்மானம் ஒன்று, நிற்பதால் வரும் மூப்பு மற்றொன்று. முதலாவதைக் கிலோமீட்டர் கணக்கு காட்டிக்கொடுக்கும். இரண்டாவதைக் காட்ட எந்த முள்ளும் இல்லை.

1977-இல் வைப்பர், ஹாரன், புகைக்குழாய் ஆகியவற்றோடு வண்டியின் உடற்கட்டும் சேஸும் சோதனைக்குள் வந்தன. துருவுக்கு எதிராகச் சட்டம் கைநீட்டியது அப்போதுதான். இந்த வேன்கள் பலவற்றில் தனியான சேஸ் இல்லை. தகரப் பெட்டிகளை ஒட்டவைத்த உடலே பாரத்தைத் தாங்குகிறது. பனிக்காலச் சாலைகளில் தூவும் உப்பு, மடிப்புகளுக்குள் நுழைந்து உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கையில் உள்ளே தகரம் காகிதமாகியிருக்கும். வீட்டு வண்டியில் இது மேலும் கொடிது. தரைக்கு மேல் பலகை, பலகைக்கு மேல் கம்பளம், பக்கங்களில் அலமாரி என்று வீடே துருவை மறைத்துவிடுகிறது. சோதனையாளர் எதையும் கழற்றிப் பார்க்கக்கூடாது என்பது விதி. அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, தட்டிப் பார்த்து, அழுத்திப் பார்த்து அவர் முடிவுக்கு வரவேண்டும்.

இன்று பிரிட்டனில் சோதனையில் தோற்கும் வாகனங்களின் முதன்மைக் காரணங்கள் விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர் ஆகியவை. வீட்டு வண்டியில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வரலாறு உண்டு. விளக்கு எரியாததற்குப் பெரும்பாலும் பல்பு காரணமன்று. குளிர்காலம் முழுதும் ஈரத்தில் கிடந்து பச்சை பூத்த இணைப்புகளே காரணம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நான்கு மாதம் நிறுத்தினால் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், கேபிள் இறுகிவிடும். சோதனைக்கூடத்தின் உருளைகளில் ஏற்றினால் ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றது வழுக்கும். ஓயாத பாரத்தால் ஸ்பிரிங் தளர்ந்து, புஷ்கள் நசுங்கியிருக்கும். பழைய ஃபோக்ஸ்வேகன்களில் பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய் வறண்டு வெடித்து, பின்புற எஞ்சின் அறை தீப்பிடிப்பது பேர்போன ஆபத்து. ரப்பர் கெட்டது ஓட்டத்தால் அன்று, காலத்தால்.

சோதனை வண்டிக்குத்தானே தவிர வீட்டுக்கு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். சமையல் வாயுக் குழாய் கசிகிறதா, சுவரில் ஓதம் ஏறி மரச்சட்டம் உளுத்துவிட்டதா என்று எம்.ஓ.டி. கேட்பதில்லை. அதற்குத் தனியான பரிசோதனை உண்டு, ஆனால் அது சட்டக் கட்டாயம் அன்று. எடை மீறலையும் எம்.ஓ.டி. பார்ப்பதில்லை. 1997-க்குப் பின் உரிமம் பெற்றவர்கள் சாதாரணக் கார் உரிமத்தோடு 3,500 கிலோ வரையே ஓட்டலாம் என்பதால், பல வண்டிகள் அந்த வரம்புக்குள் அடக்கிச் செய்யப்படுகின்றன. தண்ணீரும் சைக்கிளும் மனிதர்களும் ஏறியதும் வரம்பு கரைந்துவிடும். அப்புறம் ஸ்டைன்பெக்கின் கதைதான்.

*

டயரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சோதனையில் டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாதிருக்கவேண்டும். வீட்டு வண்டியின் டயர் இந்த விதியில் தோற்பது அரிது. அவ்வளவு தூரம் அது ஓடுவதே இல்லை. ஆனால் ரப்பர் உயிர்ப்பொருள் போன்றது. ஓசோனிலிருந்து அதைக் காக்கும் மெழுகு, டயர் உருண்டு நெளியும்போதுதான் நன்றாக மேற்பரப்புக்கு வருகிறது. நின்ற டயர் வறண்டு, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் விடும். அடுக்குகள் உள்ளே பிரிவதோ வெளியே தெரியாது.

2012 செப்டம்பரில், வைட் தீவின் இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றித் திரும்பிய பேருந்து ஒன்று, சர்ரே மாவட்டத்தின் ஏ3 சாலையில் முன்டயர் வெடித்து மரத்தில் மோதியது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் மாண்டனர். அந்த டயரின் வயது 19. இறந்த இளைஞர்களுள் ஒருவனுக்கு வயது 18. அவன் பிறப்பதற்கு முன்பே வார்க்கப்பட்ட டயர் அது. வரிப்பள்ளம் போதிய அளவு இருந்தது, டயரின் வயதைத் தடுக்கும் சட்டமோ அன்று இல்லை. அவனுடைய தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரி முதல் பத்து ஆண்டு கடந்த டயர்களை லாரி, பேருந்துகளின் முன்அச்சில் பயன்படுத்தத் தடை வந்தது. வீட்டு வண்டிகளை அந்தத் தடை தொடவில்லை. அவற்றின் உரிமையாளர்தாம் குனிந்து, டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்களைப் படிக்கவேண்டும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்.

இனி அந்த முரணுக்கு வருவோம். 2018 மே 20 முதல், நாற்பது ஆண்டு கடந்து, பெரும் மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கு எம்.ஓ.டி. தேவையில்லை என்றாயிற்று. பழைய வாகனங்களை உரிமையாளர்கள் குழந்தைபோல் பேணுகிறார்கள், அவை மிகக் குறைவாகவே ஓடுகின்றன, புதிய சோதனை முறைகள் அவற்றுக்குப் பொருந்துவதில்லை என்பவை சொல்லப்பட்ட நியாயங்கள். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பழையவை என்பதற்காகவே பிறந்த சோதனை, மிகப் பழையவை என்பதற்காக அவற்றை விட்டுவிடுகிறது. 1960-இல் பத்து வயது கிழப்பருவம். 2018-இல் நாற்பது வயது பாதுகாக்கப்படவேண்டிய மரபு. டார்மோபில்களும் எழுபதுகளின் ஃபோக்ஸ்வேகன்களும் இப்போது இந்த விலக்கின் நிழலில் நிற்கின்றன. குறைவாக ஓடுவது அவற்றுக்குப் பாதுகாப்பு என்கிறது சட்டம். வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கோ, நிற்பதே அவற்றின் நோய் என்று தெரியும்.

சான்றிதழ் என்பது சோதித்த நாளின் சாட்சி மட்டுமே. அடுத்த நாளைக்கு அது பொறுப்பேற்பதில்லை. விலக்குப் பெற்ற வண்டியும் சாலையில் ஓடத் தகுதியாக இருக்கவேண்டும் என்ற கடமை உரிமையாளரின் தலைமேல் அப்படியே இருக்கிறது. சட்டம் கேட்காதபோதும், வசந்தம் வந்ததும் தம் பழைய வேனைத் தாமாகவே சோதனைக்கூடத்துக்கு ஓட்டிச் செல்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் செலுத்தி, வண்டி மேலே உயர்த்தப்படுவதைப் பார்த்தபடி ஓரமாக நின்றுகொண்டிருப்பார்கள்.