ஆடி ஒன்றிலிருந்து ஆடிப் பதினெட்டு வரை

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆடி மாதத்துக்கு இரண்டு நாட்கள் முக்கியம். முதல் தேதி தேங்காய் சுடும் பண்டிகை. பதினெட்டாம் தேதி ஆடிப்பெருக்கு. முன்னது ஜூலை நடுவிலும் பின்னது ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதியிலும் வரும். ஆடிப்பெருக்கு காவிரி பாயும் ஊரெங்கும் உண்டு. தேங்காய் சுடுவது அப்படியல்ல. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரங்களைத் தாண்டினால் அதைக் கேள்விப்படாதவர்களே மிகுதி. ஆடிப்பெருக்கு என்றதும் தஞ்சைத் தரணிதான் பலர் மனதில் எழும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப் பதினெட்டு அன்று வீர நாராயண ஏரிக்கரையில் தொடங்குவதற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் மலைகளை விட்டு ஆறு சமவெளிக்கு இறங்கும் மேற்குப் பகுதியில் இந்த விழா வேறு முகத்தோடு வளர்ந்தது.

ஆடியில் ஆற்றில் வரும் தண்ணீர் இந்தச் சமவெளியில் பெய்த மழையால் வருவதல்ல. ஜூன் மாதம் குடகிலும் வயநாட்டிலும் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை காவிரியிலும் கபினியிலும் இறங்கி, பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியாக இங்கே வந்து சேர்கிறது. அந்த நாட்களில் உள்ளூரில் அடிப்பது பெரும்பாலும் ஆடிக்காற்றுதான்; கனத்த மழைக்கு ஆவணி, புரட்டாசி வரை பொறுக்க வேண்டும். எங்கோ பெய்த மழை செம்மண் கலங்கலாக வாசலுக்கு வந்து நிற்பதைப் பார்த்த உழவர்கள், அதைத் தங்கள் மழைக்கு முன்னறிவிப்பாகவும் எடுத்துக்கொண்டார்கள். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது மானாவாரிக் காட்டுக்காரனின் கணக்கு. நிலக்கடலையும் சோளமும் ஆமணக்கும் விதைக்கும் பருவம் அதுவே. பொங்கல் அறுவடை முடிந்தபின் சொல்லும் நன்றி. ஆடி நோம்பி எனும் பண்டிகையோ கையில் ஒன்றும் வந்து சேராதபோது, விதைநெல்லையும் கடன் பணத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு சொல்லும் நன்றி. இந்த வட்டாரத்துச் சடங்குகளில் பாதிக்கும் மேல் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு போதும்.

தேங்காய் சுடும் முறையில் நுணுக்கம் உண்டு. முற்றிய தேங்காயை நார் முழுவதும் உரித்து, தரையிலோ கல்லிலோ தேய்த்து ஓட்டை வழவழப்பாக்குவார்கள். மூன்று கண்களில் மெத்தென்றிருக்கும் ஒன்றைத் துளைத்து, உள்ளிருக்கும் தண்ணீரில் ஒரு பங்கை வடித்துவிடுவார்கள். வறுத்த பச்சைப் பயறு, எள், பொட்டுக்கடலை, அவல், பொடித்த வெல்லம் எல்லாவற்றையும் கலந்து அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்க வேண்டும். அவசரப்பட்டால் துளை அடைத்துக்கொள்ளும். பிறகு முனை சீவிய அழிஞ்சிக் குச்சியை அதே கண்ணில் இறுகச் செருகி, குச்சிக்கும் காய்க்கும் மஞ்சள் பூசுவார்கள். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் சேலம் கடைவீதிகளில் இந்தக் குச்சி கட்டுக்கட்டாக விற்பனைக்கு வரும். மற்ற நாட்களில் அதைத் திரும்பிப் பார்ப்பவர் இல்லை.

வாசலிலோ தெருமுனையிலோ ஆற்றங்கரையிலோ சுள்ளியும் தென்னை மட்டையும் போட்டுத் தீ மூட்டி, குடும்பத்தார் சுற்றி நின்று காயைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். உள்ளே எஞ்சிய தண்ணீரில் வெல்லம் உருகிப் பயறு வேகும். ஓடு கருகிப் பட்டென்று வெடிப்பு விட்டால் பதம் வந்தது என்று அர்த்தம். அதைப் பிள்ளையாருக்குப் படைத்த பிறகே உடைப்பார்கள். புகை வாசம் ஏறிய தேங்காய்ச் சில்லும் இனித்த பூரணமும் பிள்ளைகளுக்கு அன்றைய தின்பண்டம். உள்ளே போவதெல்லாம் காட்டில் விளைந்த தானியம், வெளியே இருப்பது ஆற்றங்கரைத் தோப்பின் காய். புன்செயும் நன்செயும் ஒரே ஓட்டுக்குள் வேகும் பண்டம் இது என்று சொன்னால் மிகையாகாது.

இதற்குச் சொல்லப்படும் காரணம் பாரதக் கதை. ஆடி முதல் நாள் குருட்சேத்திரப் போர் தொடங்கியது, பதினெட்டாம் நாள் முடிந்தது, தருமம் வெல்ல வேண்டுமென்று மக்கள் தேங்காய் சுட்டு வேண்டிக்கொண்டார்கள் என்பது வழக்கு. போரில் வென்றவர்கள் ஆயுதங்களை ஆற்றில் கழுவியதே பதினெட்டின் தொடக்கம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். வடமொழி மரபு போரை மார்கழியை ஒட்டி வைக்கிறது. கீதா ஜெயந்தி கொண்டாடப்படுவதும் அப்போதுதான். ஆகவே மாதக் கணக்கு ஒத்துவராது. ஆனாலும் இரண்டு நோம்பிகளுக்கு இடையே கிடக்கும் பதினெட்டு நாட்களையும் பதினெட்டு நாள் போரையும் பிணைத்த கற்பனை சாமர்த்தியமானது. திரௌபதியம்மன் கோயிலும் பாரதக் கூத்தும் வேரூன்றிய வட்டாரத்தில் அந்தப் பிணைப்பு இயல்பாகவே நிகழ்ந்திருக்கும்.

இடைப்பட்ட நாட்கள் வீட்டுக்கும் அம்மனுக்கும் உரியவை. திருமணம் முடிந்த முதல் ஆண்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தலையாடிக்கு அழைத்து விருந்து வைத்து, ஆடிச் சீர் கொடுப்பது பெண் வீட்டார் கடமை. சேலம் நகரில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, கம்பம் நட்டு, பல பேட்டைகளின் மாரியம்மன் கோயில்களும் ஒரே சமயத்தில் விழாக் கோலம் பூணும். குகைப் பகுதியின் வண்டி வேடிக்கை பெயர் பெற்றது. பக்தர்கள் தெய்வ வேடமிட்டு, அலங்கரித்த வண்டிகளில் அமர்ந்து வருவார்கள். பெரியம்மை நோய்க்கு மருந்தில்லாத காலத்தில் வைத்துக்கொண்ட நேர்த்திக்கடன்கள் நோய் ஒழிந்த பிறகும் நின்றுபோகவில்லை. பிள்ளைப்பேறு, வேலை, வழக்கு என்று வேண்டுதலின் பொருள் மட்டும் மாறியது.

பதினெட்டாம் நாள் கூட்டம் ஆற்றை நோக்கித் திரும்பும். மேட்டூர், பூலாம்பட்டி, குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று இக்கரையில் படித்துறை உள்ள ஊர்களெல்லாம் நிரம்பும். மணலில் ஏழு கற்களை வரிசையாக நட்டு, கன்னிமாராக்கி, மஞ்சளும் குங்குமமும் வைப்பார்கள். காதோலை கருகமணி, காப்பரிசி, வெற்றிலை பாக்கு, பழம் படைத்து, சுமங்கலிகள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். புதுமணத் தம்பதிகள் பத்திரப்படுத்தி வைத்த கல்யாண மாலைகளை ஆற்றில் விடுவார்கள். தட்டுகளில் நவதானியம் முளைக்க வைத்த முளைப்பாரியும் தண்ணீரில் போகும். வழிபாடு என்பதோடு, வீட்டு விதை எவ்வளவு வீதம் முளைக்கிறது என்று விதைப்புக்கு முன்பே காட்டிவிடும் சோதனையாகவும் அது இருந்தது.

இந்தச் சமவெளிக்கே உரிய இன்னொரு காட்சி மேட்டூரில் நடக்கும். ஆற்றுக்குத் தொலைவிலுள்ள காட்டூர்களின் மக்கள் தங்கள் குலதெய்வக் கோயிலின் வேல், சூலம், கத்தி முதலியவற்றை மேளத்துடன் எடுத்து வந்து காவிரியில் நீராட்டித் திரும்புவார்கள். ஆண்டு முழுவதும் கிணற்று நீரில் குளிக்கும் சாமிக்கு ஒரு நாள் ஆற்று நீர்.

ஆற்றை வெறும் தரிசனத்தோடு விடாமல் வயலுக்குத் திருப்பிய வேலையும் பழையதுதான். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால், கிளைகளோடு மோகனூர் வரை நீண்டு வாழை, கரும்பு, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால்களை வளர்க்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது என்பது வட்டார மரபு. பரமத்தி வேலூர் வெற்றிலையும் வாழையும் சந்தையில் பெயர் வாங்கியதற்கு அந்த வாய்க்கால்தான் அடிப்படை.

ஆனால் சடங்கின் பொருளையே மாற்றியது மேட்டூர் அணை. காவிரி நீரைப் பகிர்வது குறித்து மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1924இல் உடன்பாடு ஏற்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் வந்த பெருவெள்ளம் ஆற்றோர ஊர்களைச் சூறையாடிப் போனது. 1925இல் தொடங்கிய அணை வேலை 1934இல் முடிந்து, ஆகஸ்ட் 21 அன்று திறப்பு விழா நடந்தது. அப்போதைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்குச் சூட்டப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தேங்கிய நீருக்குள் பல ஊர்கள் போயின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடி அருகே ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறித்தவ தேவாலயத்தின் கோபுரமும் மேலே தெரியும். பார்க்கக் கூட்டம் வரும். நெல் வயல்களுக்காகக் கட்டிய அணையின் பலன் பெரும்பாலும் கிழக்கே டெல்டாவுக்குப் போனது. சேலத்து மண் நிலத்தைக் கொடுத்துவிட்டு வெகுகாலம் வெறுங்கையோடு நின்றது என்பதைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது.

அணை வந்தபின் ‘பெருக்கு’ இயற்கையின் தேதியாக இல்லாமல் பொதுப்பணித் துறையின் தேதியானது. டெல்டாவின் குறுவைக்கு ஜூன் 12 என்று ஒரு வழக்கமான நாள் வந்தது. 1955இல் பாசனம் தொடங்கிய மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்கு நீர் தருகின்றன. அவற்றுக்கான திறப்பு நாள் ஆகஸ்ட் 1, மூடும் நாள் டிசம்பர் 15. அதாவது திறப்பு ஆடிப் பதினெட்டுக்கு ஓரிரு நாள் முன்னால். திட்டம் தீட்டிய பொறியாளர்கள் பஞ்சாங்கம் பார்த்திருக்க வேண்டியதில்லை. விதைப்புப் பருவம் இரண்டு தேதிகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது.

மக்களின் நம்பிக்கை இந்த மாற்றத்தோடு சண்டையிடவில்லை. அணைக்கு அருகே கோயில் கொண்டிருக்கும் முனியப்பனுக்கு அணைக்கட்டு முனியப்பன் என்றே பெயர். காவிரியில் குளித்து, அங்கே ஆடோ கோழியோ பலியிட்டுப் பொங்கல் வைப்பது ஆடிப் பதினெட்டின் பகுதியாகிவிட்டது. அணையின் பெயரைத் தெய்வத்துக்குச் சூட்டிய ஊர்கள் அதிகம் இருக்காது.

அணைக்குக் கீழே செக்கானூர் முதலாக நீர்மின்சாரத்துக்குக் கதவணைகள் வந்தன. பூலாம்பட்டிப் பகுதியில் ஆறு ஆண்டின் பெரும்பகுதி ஏரிபோல் நிறைந்து நிற்கிறது. அங்கே புதுப்புனல் வந்து ஏறுவதைக் கண்ணால் பார்ப்பது அரிது. வறண்ட ஆண்டுகளில் நேர்மாறான சிக்கல். 2016இல் அணையில் நீர் குறைந்திருந்தபோது, ஆடிப்பெருக்குக்கென்றே சில நாட்கள் தண்ணீர் விட அரசு உத்தரவிட்டது. பாசனத்துக்கு இல்லாத நீர் சடங்குக்கு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நோம்பி நாளில் வறண்ட ஆற்றைக் காட்ட எந்த அரசும் விரும்புவதில்லை. கொரோனா காலமான 2020, 2021இல் படித்துறைகள் மூடப்பட்டன. 2024இல் ஜூலை 30 அன்று அணை நிரம்பி, விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வெளியேற்றப்பட்டதால், நீர் நிறைந்திருந்தும் பல இடங்களில் ஆற்றில் இறங்கத் தடை வந்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் மஞ்சள் கயிறு மாற்றுவது வீட்டுக் குழாயடியில் நடந்துவிடும்.

சேலம் நகரத்தார் பேருந்து ஏறி மேட்டூர் போவதற்கு ஒரு காரணம் அவர்களுடைய சொந்த ஆறு. சேர்வராயன் மலையில் பிறந்து நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு, கழிவுநீர் கலந்து, சடங்குக்கு ஆகாததாகிவிட்டது. மலைநீரை நாடுவோருக்குக் கொல்லிமலை இருக்கிறது. ஆடிப் பதினெட்டில் ஆகாய கங்கை அருவியில் குளித்து அறப்பளீஸ்வரரை வணங்குவது நெடுநாள் வழக்கம். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் பெயரால் அரசு விழாவும் அதே நாட்களில் அங்கே நடக்கிறது. அதற்காக நாமக்கல் மாவட்டத்துக்கும், ஆடிப்பெருக்குக்காகச் சேலம் மாவட்டத்துக்கும் ஆட்சியர்கள் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். அந்த விடுமுறைக்கு ஈடாகப் பின்னால் ஒரு சனிக்கிழமை வேலை நாளாகிவிடும்.