85-வது நிமிடம்

உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலமெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் பாதியில் அருமையாகப் பாஸ் கொடுத்த பையன், கடைசிப் பத்து நிமிடத்தில் பந்தை நேரே எதிராளி காலில் தட்டிவிடுவான். கால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கண் தரையை விட்டு எழாது. "ஸ்டாமினா பத்தலடா" என்று மறுநாள் இன்னும் நாலு ரவுண்டு ஓடவிடுவேன். நான் செய்தது தவறு என்று புரியவைத்தது உக்ரைனின் தினமோ கீவ் கால்பந்து அணியின் கதை.

வலேரி லோபனோவ்ஸ்கி பொறியியல் படித்த ஆட்டக்காரர். தினிப்ரோ அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது, அந்த ஊரிலேயே உடற்கல்வி ஆய்வில் இருந்த அனதோலி செலென்ட்சோவின் நட்பு கிடைத்தது. 1970களில் இருவரும் தினமோ கீவில் சேர்ந்து உழைத்தார்கள். ஓட்டத்தையும் மூச்சையும் மட்டும் அவர்கள் அளக்கவில்லை. கவனம், நினைவு, சட்டென்று முடிவெடுக்கும் வேகம் எல்லாவற்றையும் சோதித்தார்கள். பிற்பாடு கணினி வந்ததும், திரையில் எண்கள் கணநேரம் தோன்றி மறையும். ஆட்டக்காரர் நினைவிலிருந்து அவற்றைத் தட்ட வேண்டும். செய்வதில் 15 முதல் 18 சதவீதத்துக்கு மேல் பிசகாத அணியை வெல்ல முடியாது என்பது செலென்ட்சோவின் கணக்கு.

1975-ல் ஐரோப்பாவின் 'கோப்பை வென்றவர்கள் கோப்பை' தினமோவின் கைக்கு வந்தது. ஆனால் 1976-ல் அதே ஆட்கள்தான் சோவியத் அணிக்கும் ஆடினார்கள். ஓய்வில்லை, பயிற்சியோ கடுமை. ஒலிம்பிக்கில் வெண்கலத்தோடு திரும்பியவர்கள் பயிற்சியாளர்களை எதிர்த்தே கொடி பிடித்தார்கள். அளவான உழைப்பு புத்தியைத் தீட்டும். எல்லை தாண்டினால் கவனம் கலையும். இன்றைய ஆய்வுகள் சொல்லும் இந்த உண்மையை, அளவுகோல் கையில் இருந்தவர்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். கோப்பைகளை விட இந்தப் பாடத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1986 மே 2, லியோன் நகரம். அதே கோப்பையின் இறுதி ஆட்டம், எதிரே அட்லெட்டிகோ மாட்ரிட். 85-வது நிமிடம். இடப்பக்கம் தினமோவின் ராட்ஸ் ஓடி வந்து பெலனோவுக்குத் தருகிறார். பெலனோவ் தலையைத் திருப்பாமலே வலப்பக்கம் தள்ளுகிறார். யெவ்துஷென்கோவும் பார்க்கவில்லை, தனக்கு வலப்புறம் ஒருவர் வருவார் என்று தெரியும், பந்தை விடுகிறார். ப்ளோகின் ஓடிவந்து கோல்கீப்பர் தலைக்கு மேலே தூக்கிப் போடுகிறார்.

அந்த கோலை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ! ப்ளோகினுக்கு அன்று வயது 33.