பஞ்சநிவாரண விதிக்கோவையும் அதன் வரலாறும்

பாண்டிநாட்டிலே பன்னீரியாண்டு வற்கடம் நிகழ்ந்ததாக இறையனார் களவியலுரை கூறும் செய்தி தமிழ் கற்றோர் யாவரும் அறிந்ததொன்று. பசி மிக்க காலத்தில் அரசன் புலவரை அழைத்து, இனித் தன்னாற் புரத்தல் இயலாதெனவும், வேற்றுநாடு சென்று, மழை பெய்து வளஞ்சுரந்த பின் மீளுமாறும் கூறி விடைகொடுத்தான் என்ப. அவன் கொடுங்கோலன் அல்லன். செய்யத்தக்கது இன்னதென அவன்முன் எழுதிவைக்கப்பட்ட முறை யாதும் இருந்ததாகத் தெரியவில்லை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இத்துறையில் ஒருபடி முன்செல்கின்றது. விதையும் உணவும் வழங்குதல், அணை முதலிய வேலைகளைத் தொடக்கி உணவளித்தல் என அரசன் கடன்களை அது எண்ணிக் கூறும். ஆயினும், உதவியை யார் தொடங்குவது, எப்பொழுது தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது என்னும் வினாக்களுக்கு அலுவலர் அனைவரையும் பிணிக்கும் விடை இந்தியாவில் எழுத்துருப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாம்.

அவ்விடை எளிதிற் கிடைத்ததன்று. 1866ஆம் ஆண்டு ஒரிசாவிற் பஞ்சம் தோன்றியபோது, வணிகரே அரிசி கொணர்வர் என அதிகாரிகள் வாளாவிருந்தனர். நிலைமையை உணர்ந்து அரிசி தருவிக்க முற்பட்ட காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து துறைகள் அடைபட்டன. உள்நாட்டு வீதிகளோ போதியன அல்ல. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அப்பழிக்கு அஞ்சிய அரசாங்கம் 1873-74இற் பீகாரிலே பஞ்சம் நேர்ந்தபோது பர்மாவிலிருந்து பெருந்தொகை அரிசியைத் தருவித்தது. அங்கே பட்டினியால் இறந்தோர் மிகச் சிலர். அப்பணியை நடத்திய சேர் றிச்சட் ரெம்பிள் அதற்காகப் புகழ்பெற்றாரல்லர். பொதுப்பணத்தை வாரியிறைத்தார் என்னும் கண்டனமே அவர்க்குக் கிடைத்த பரிசு.

இதன் விளைவைச் சென்னை மாகாணம் அனுபவித்தது. 1876இற் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் வழங்குவது இதனையே. தேசாதிபதியாயிருந்த பக்கிங்காம் கோமகனின் அரசாங்கம் தானியம் கொள்முதல் செய்ய, வணிகத்திலே தலையிடலாகாதென்று இராசப்பிரதிநிதி லிற்றன் பிரபுவின் அரசாங்கம் அதனைக் கண்டித்தது. 1877இன் தொடக்கத்திற் சென்னைக்கு அனுப்பப்பட்டவர் அதே ரெம்பிள். முன்னைக் கண்டனத்தை மறவாத அவர், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறிதளவு காசுமே போதுமென விதித்தார். மண்வெட்டிச் சுமக்கும் ஒருவனை இவ்வுணவு தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் வைத்தியர் வன்மையாக வாதிட்டார். சில மாதங்களின் பின் சென்னை அரசாங்கம் கூலியை உயர்த்தியதெனினும், அம்மாதங்கள் மீளா. ஒரே பஞ்சத்தில் மூன்று அதிகாரிகள் மூன்று கொள்கை பற்றி வழக்கிட்டிருக்க, பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மாத்திரம் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்மாவட்டங்களினின்றும் பலர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடிக் கடல் கடந்தமையும் இக்காலத்திலேயாம். சென்னையிற் கூவம், அடையாறு ஆகிய ஆறுகளை இணைக்கும் கால்வாய்ப் பகுதி இப்பஞ்சக் கூலிகளால் வெட்டப்பட்டதே. அது தேசாதிபதியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது, வெட்டினோர் பெயரை அன்று.

1878இற் சேர் றிச்சட் ஸ்திரேச்சியின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1880இல் அறிக்கை வெளியிட, அதனை ஒட்டி 1883இல் மாதிரி விதிக்கோவை ஒன்று உருவாயிற்று. மாகாணங்கள் தத்தமக்கேற்ப அதனைத் திருத்தி அமைத்துக்கொண்டன. அதன் சிறப்பு கருணையிலன்று, ஒழுங்கிலே உள்ளது. தானிய விலையேற்றம், கடன் கிடைப்பது அருகுதல், பிச்சையிடுவோர் குறைதல், களவு மிகுதல், மக்களும் மந்தைகளும் வழக்கத்துக்கு மாறாக இடம்பெயர்தல் என்பன முன்னறிகுறிகளாக வகுக்கப்பட்டன. அவை தோன்றியவிடத்துச் சோதனை வேலைகள் திறத்தல் வேண்டும். குறைந்த கூலிக்கும் கடின உழைப்புக்கும் மக்கள் திரள்வராயின் பஞ்சம் மெய்யெனக் கொள்ளப்படும். வேலைத்திட்டங்களைக் கலெக்டர் முற்கூட்டியே ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். முதியோர், நோயாளர், அநாதைகள் ஆகியோரைக் கிராமந்தோறும் பட்டியலிட்டு இலவச உதவி அளித்தல் வேண்டும். பசித்தவனைப் பசியால் அளந்தறியும் இச்சோதனை கொடிதென்பதில் ஐயமில்லை. ஆயினும் எவர் கடமை எதுவென்பது ஐயமின்றி வரையறுக்கப்பட்டது. 1896-97, 1899-1900 ஆகிய பஞ்சங்களிற் கண்ட குறைகளை நோக்கி இக்கோவை மீண்டும் திருத்தப்பட்டது.

திருத்தப்படாது நின்ற குறையொன்று உண்டு. பஞ்சம் வந்துவிட்டதெனப் பிரகடனஞ் செய்தாலன்றிக் கோவை முழுமையாக இயங்காது. பிரகடனஞ் செய்வதோ அரசாங்கத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. 1943இல் வங்காளத்திலே மக்கள் கல்கத்தா வீதிகளில் வீழ்ந்து மடிந்தபோதும் பஞ்சம் பிரகடனஞ் செய்யப்படவில்லை. கோவை விதித்த அளவு உணவு கொடுக்கத் தம்மிடம் தானியமில்லை என்பதே அதற்கு மாகாணத் தேசாதிபதி இராசப்பிரதிநிதிக்கு எழுதிய காரணம். கடமை பெரிதாயிருந்தமையாலே கடமையே மறுக்கப்பட்டது! அவ்வாண்டு ஒக்டோபரிற் பதவியேற்ற வேவல் பிரபு கல்கத்தாவை நேரிற் கண்டு, உணவு விநியோகத்துக்கு இராணுவத்தை ஏவினார். இறந்தோர் தொகையை 1945இல் வெளிவந்த விசாரணைக்குழுவின் அறிக்கை பதினைந்து இலட்சமென மதித்தது. முப்பது இலட்சமெனக் கணிப்பாரும் உளர்.

சுதந்திர இந்தியாவிற் பீகார் அரசாங்கம் 1967இற் பஞ்சத்தைப் பிரகடனஞ் செய்தது. 1972-73இன் வறட்சியில் மகாராட்டிரம் பேரளவில் நிவாரண வேலைகளைத் திறந்தது. உச்சநிலையில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேர் அவற்றில் உழைத்தனர். பின்னர் விதிக்கோவைகளின் இடத்தை வறட்சிக் கைந்நூல்கள் எடுத்துக்கொண்டன. 2005இல் நிறைவேறிய அனர்த்த முகாமைச் சட்டம், உணவு, நீர், உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றில் நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவை வகுக்கும் பொறுப்பை ஒரு தேசிய அதிகார சபையிடம் ஒப்படைத்தது. கோர்னிஷ் வைத்தியர் தொடுத்த வழக்குக்கு இவ்வாறு சட்டத்தில் இடம் கிடைத்தது.

பிரகடனம் பற்றிய வழக்கோ தீர்ந்தபாடில்லை. 2016 மே மாதத்தில் இந்திய உயர்நீதிமன்றம், சில மாநிலங்கள் வறட்சியை ஒப்புக்கொள்ளத் தயங்கியதைக் கடிந்து, பிரகடனத்துக்குக் காலவரையறை வேண்டுமெனவும் ஆண்டிறுதிக்குள் கைந்நூலைத் திருத்துமாறும் மத்திய அரசாங்கத்தைப் பணித்தது. திருத்திய கைந்நூல் அவ்வாண்டு திசெம்பரில் வெளிவந்தது. பிரகடனஞ் செய்யும் அதிகாரம் அதிலும் மாநில அரசாங்கங்களிடமே விடப்பட்டுள்ளது.