நிறையும் மாற்றும்



நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, என் தாயார் தம் அட்டிகையை விற்றார். சிவப்புக் கல் பதித்த பழைய நகை. பாட்டியின் கழுத்திலிருந்து வந்தது. எங்கள் லயத்தில் எல்லாரும் அதை 'நாலு பவுன் அட்டிகை' என்றே சொல்வார்கள். பட்டணத்துக் கடைக்காரர் கற்களைப் பெயர்த்தார். சூடு காட்டி உள்ளிருந்த அரக்கை உருக்கி எடுத்தார். பிறகுதான் தராசில் வைத்தார். இரண்டரைப் பவுனுக்கும் சற்றுக் குறைவு. உரைகல்லில் ஒரு கீற்று இழுத்துப் பார்த்து, அதிலும் ஒரு பங்கைக் கழித்தார். திரும்பும் பேருந்தில் அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மனிதர் தம்மை ஏமாற்றிவிட்டார் என்றே இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம்பியிருந்தார். ஏமாற்றினாரா, இல்லையா என்று இன்றும் என்னால் சொல்ல இயலாது. கடைக்குப் போகுமுன் அந்த நகையில் பொன் எவ்வளவு என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நகையின் கணக்கை அறியாமல் வாழ்ந்தவர்களல்லர் நம் முன்னோர். தஞ்சைப் பெரிய கோயிலை இராசராச சோழன் 1010ஆம் ஆண்டில் எடுப்பித்தான். அவனும் அவன் தமக்கை குந்தவையும் அங்கே கொடுத்த நகைகளைப் பற்றிய கல்வெட்டுகளை வாசிப்பவர்களுக்கு வியப்பே மிஞ்சும். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட ஓர் எடைக்கல். கல் பதித்த நகைகளை நிறுக்கத் 'தட்சிணமேரு விடங்கன்' என்று வேறொரு கல். குன்றிமணி இரண்டு கொண்டது ஒரு மஞ்சாடி, மஞ்சாடி இருபது கொண்டது ஒரு கழஞ்சு என்று, குன்றிமணி அளவுக்கும் இறங்கிக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். நூலையும் செப்பு ஆணியையும் நீக்கி நிறுத்தவை எவை, அரக்கும் உட்பட நிறுத்தவை எவை என்று தனித்தனியே குறித்திருக்கிறார்கள். முத்து என்று ஒரே சொல்லில் முடிக்காமல், வட்டம், அனுவட்டம், குறுமுத்து, கறடு என வகை பிரித்திருக்கிறார்கள். பிறகே விலை இத்தனை காசு என்று எழுதினார்கள். அரசன் கொடுத்த நகைதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிடவில்லை!

நிறையைத் தராசு காட்டும். மாற்றைக் காட்டுவது உரைகல். நகையை அக்கருங்கல்லில் உரசி, பக்கத்தில் மாற்றுத் தெரிந்த பொன்னூசிகளையும் உரசி, எந்தக் கீற்றோடு நிறம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பார் பத்தர். கலப்பற்ற பொன் பத்தரை மாற்று. நாம் இன்று இருபத்திரண்டு கேரட் என்பது அந்தக் கணக்கில் ஒன்பதரை மாற்றுக்குச் சற்று மேல். மேலே மட்டும் உரசினால் மேல்பூச்சின் நிறந்தான் தெரியும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இனி மலாயாவுக்கு வருவோம். 'பவுன்' என்று நாம் சொல்வதே பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயர். அதன் எடை 7.98 கிராம், இருபத்திரண்டு கேரட் ஆகையால் அதிலுள்ள தூய பொன் 7.32 கிராம். 1906ஆம் ஆண்டு முதல் இந்நாட்டு வெள்ளியை ஸ்டெர்லிங் பவுனோடு பிணைத்து வைத்திருந்தனர். ஏழு பவுனுக்கு அறுபது வெள்ளி. அதாவது ஒன்றுக்கு ஏறத்தாழ 8 வெள்ளி 57 சென். இருபத்தைந்து ஆண்டுக் காலம் அது மாறாத விலையாக நின்றதால், பவுன் என்றால் எட்டரை வெள்ளி என்பது மனத்தில் பதிந்துபோயிற்று.

1931ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் தன் பணத்துக்கும் பொன்னுக்கும் இருந்த தொடர்பை அறுத்துக்கொண்டது. நம் வெள்ளி ஸ்டெர்லிங்கோடு சேர்ந்தே இறங்கிற்று, பொன்னோ ஏறிற்று. அடுத்த ஆண்டிலேயே முன்னைய விலையைவிட நாலில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது. ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரைக் கப்பலேற்றி அனுப்பிய காலமும் அதுவேதான். பெட்டியைக் கட்டும் அவசரத்தில் காதிலும் கையிலும் கிடந்ததைக் கழற்றியவர், பழைய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கொடுத்திருந்தால், எட்டரை வெள்ளியை இலாபமென்றே எண்ணியிருப்பார். இந்தியாவிலிருந்தும் அந்நாள்களில் கப்பல் கப்பலாகப் பொன் வெளியேறியது. கடன்பட்ட குடியானவர்களின் வீட்டுப் பொன்னும் அதில் சேர்ந்திருந்தது.

ஜப்பானியர் காலத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளித் தாள்களை அவர்கள் கணக்கின்றி வெளியிட்டார்கள். என் பாட்டி தம் கல்யாணக் காப்பு இரண்டையும் விற்றபோது, கை நிறையப் பணம் கிடைத்ததாம். அவ்வளவு பணத்தை அதற்கு முன் அவர் கண்டதில்லை. 1945ஆம் ஆண்டு செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் அந்தத் தாள்கள் செல்லாதென்று அறிவித்தது. மிச்சமிருந்தவை பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானாயின. நேதாஜியின் படைக்கென்று தாலியையும் கழற்றிக் கொடுத்த பெண்களும் அக்காலத்தில் இருந்தார்கள். அவர்கள் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தவர்கள். பாட்டிக்குத் தம் காப்பின் எடைகூடத் தெரியாது.

இன்று நகையின் உட்புறத்தில் 916 என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்பது பொருள். 835 என்ற முத்திரையும் உண்டு. பத்து கிராம் நகை இரண்டை எடுத்துக்கொண்டால், முன்னதில் தூய பொன் 9.16 கிராம், பின்னதில் 8.35 கிராம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். பழைய நகைகளில் முத்திரையே இராது. ஆசாரி பற்றவைக்கும் பொடியில் கலப்பு மிகுதி. ஆகையால் சின்னச் சின்ன மணிகளும் வளையங்களும் நிறைந்த நகையை உருக்கினால் மாற்று இறங்கும். வாங்கும்போது கொடுத்த செய்கூலி விற்கும்போது திரும்பி வருவதில்லை. சாதாரணச் சிவப்புக் கல்லுக்கும் அப்படியே. அம்மாவின் அட்டிகை அரக்கும் கல்லும் சேர்த்தே நாலு பவுனாக இருந்திருக்கலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நல்ல கெம்பாக இருந்திருந்தால் கதையே வேறு; அதையும் நாங்கள் யாரிடமும் காட்டிக் கேட்கவில்லை. பெயர்த்த கற்களைத் திரும்பக் கேட்டு வாங்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

சென்ற தீபாவளி விடுமுறையில் அம்மாவிடம் எஞ்சியிருக்கும் தோடு, மூக்குத்தி, ஒற்றைச் சங்கிலி மூன்றையும் எடுத்துப்போய், வெவ்வேறு கடைகள் இரண்டில் நிறுத்துப் பார்த்தேன். இரண்டு தராசும் ஒரே எடையைக் காட்டின. அன்றைய விலையாகச் சொன்ன தொகைதான் வேறுபட்டது. எடை, மாற்று, கல் எத்தனை, நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு, "அந்த அட்டிகைக்கும் இப்படி ஒரு தாள் எழுதியிருக்கலாமே, தம்பி" என்றார்.