கடாரத் துறையும் கடலோடிக் கழகங்களும்

கடாரம் என்னும் பெயரைச் சொன்னவுடன் நம் தமிழ்ப்பள்ளி மாணவனின் நினைவில் எழுவது முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றியே. 'கடாரம் கொண்டான்' என்னும் விருதுப்பெயரை அவன் தயங்காமல் சொல்வான். 1025 என்னும் ஆண்டையும் சொல்லக்கூடும். ஆனால், அப்படையெடுப்புக்கு முன்பும் பின்பும் பல நூற்றாண்டுகள் இக்கடலைக் கடந்தவர் யார்? எந்தத் திங்களில் புறப்பட்டனர்? எந்தக் காற்றை நம்பினர்? இடர் வந்தபோது அவர்க்குத் துணைநின்றவர் யார்? இவ்வாறு கேட்டால், மாணவன் மட்டுமன்றி ஆசிரியராகிய நாமும் சற்றே வாய்மூடி நிற்க நேரும்.

கெடாவின் தென்பகுதியில், லூனாஸ் போன்ற ஊர்களில் வாழும் நமக்கு இவ்வினா வெறும் நூலறிவு பற்றியதன்று. பூஜாங் பள்ளத்தாக்கு நம் வீட்டு வாயிலிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளது. வேந்தன் ஒருவன் வென்ற இடம் என்று மட்டும் அதனை அறிவோமாயின், அத்துறையோடு தலைமுறை தலைமுறையாக உறவு கொண்ட எளிய மக்களை மறந்தவராவோம். அவ்வுறவை நிலைபெறச் செய்தது அரசர்தம் ஆணை மட்டுமன்று; தாமே கூடி, தாமே விதி வகுத்து, தாமே பொருள் திரட்டிய கடலோடிக் கழகங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. இதனைச் சான்றுகளால் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்று வகுத்த நாட்காட்டி

பாய்மரக் கலத்துக்கு அரசன் காற்றே. வங்காள விரிகுடாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட திங்கள்களில் காற்று நிலைகொள்ளாது. ஐப்பசி, கார்த்திகையிலோ சோழமண்டலக் கரையைப் புயல் தாக்கும். தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டது நம் மொழி. ஈழத்து வடகரைக் கடலோடிகள் சோளகம், கச்சான் என்னும் பெயர்களையும் வழங்குவர். இப்பெயர்கள் புலவர்தம் கற்பனைக்கு மட்டும் பிறந்தவை அல்ல. எப்போது புறப்படுவது, எப்போது கரையிலேயே இருப்பது என்று கணித்தவர்தம் தொழிற்சொற்கள்.

இக்கணக்கில் கடாரத்துக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. தென்னிலங்கையின் முனை ஏறத்தாழ ஆறு பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஜெராய் மலையும் அதே கோட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆகவே, தென்னிலங்கையைச் சுற்றிக் கிழக்கே திரும்பிய கலம் வடக்கிலும் தெற்கிலும் விலகாமல் சென்றால், நிக்கோபார்த் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையே புகுந்து, நேரே கெடாக் கரையை அடையும். 1217 மீட்டர் உயர்ந்த அம்மலை கடலில் வருவோர்க்குத் தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம். அதன் அடிவாரத்தில் ஆற்று முகத்துவாரம். உள்ளே அமைதியான நீர். கலத்தை நிறுத்தி, எதிர்க்காற்றின் வரவுக்குக் காத்திருக்க இதனினும் ஏற்ற இடம் யாது?

இதற்குச் சீனத் துறவியரின் குறிப்புகள் சான்று. 671இல் கான்டன் துறையில் கப்பலேறிய இ-சிங், ஸ்ரீவிசயத்தில் ஆறு திங்களும் மலாயுவில் இரண்டு திங்களும் தங்கினார். பின்னர்க் கெடாவை அடைந்தார். அங்கிருந்து சீனக் கணக்கின் பன்னிரண்டாம் திங்களில் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, 673இல் வங்கத்துத் தாமிரலிப்தியை அடைந்தார். ஊ-சிங் என்னும் மற்றொரு துறவி கெடாவிலிருந்து மேற்கே முப்பது நாள் பயணம் செய்து நாகப்பட்டினம் வந்ததாக அவரே குறித்துள்ளார். பயணம் ஒரு திங்கள். காத்திருப்போ பல திங்கள். கடல்வாழ்வின் பெரும்பகுதி கரையில் கழிந்தது என்பதை இவ்விரு குறிப்புகளும் நமக்கு உணர்த்துகின்றன.

காத்திருந்தோர் விட்டுச்சென்ற தடயம்

நமக்கு அண்டையிலுள்ள செபராங் பிறையின் வடபகுதியில், 1834இல் கேப்டன் ஜேம்ஸ் லோ ஒரு கல்லைக் கண்டெடுத்தார். நடுவே தூபி ஒன்று செதுக்கப்பெற்ற அக்கல்லில், மாநாவிகன் புத்தகுப்தன் என்பவனின் பெயரும், பயணம் இனிது நிறைவேறுக என்னும் வேண்டுதலும் சமற்கிருதத்தில் உள்ளன. எழுத்தமைதி கொண்டு அதனை ஐந்தாம் நூற்றாண்டினது என்பர். அவன் தமிழனல்லன், வங்கத்தினன் எனக் கருதப்படுகிறான். எனினும் கடலோடியின் மனம் எல்லா நாட்டார்க்கும் ஒன்றே. மாநாவிகனாயினும் காற்றின்முன் அவன் வேண்டி நிற்பவனே.

தமிழரின் தடயம் வடக்கே, இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவாபாவில் கிடைக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தமிழ்க் கல்வெட்டு 'அவனிநாரணம்' என்னும் குளத்தைக் குறிக்கிறது. அப்பெயர் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். ஆயினும், குளத்தைக் காக்கும் பொறுப்பு அரசனின் அதிகாரிகளிடம் விடப்படவில்லை; மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரிடமும் சேனாமுகத்தாரிடமும் ஒப்படைக்கப்பட்டது. ஏன் குளம்? காற்றுக்காகத் திங்கள் கணக்கில் காத்திருப்போர்க்கு முதலில் வேண்டுவது குடிநீரன்றோ! இவ்வாண்டு வெட்டிய குளத்தில் நீர் பருகுவோர் அடுத்த பருவத்தில் வருவோராகவும் இருக்கலாம். முன்பின் அறியாதவராகவும் இருக்கலாம். வரவிருக்கும் பருவத்தை மனத்திற்கொண்டு இன்றே செய்யும் அறம் அது.

பர்மாவின் பாகானில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. மலைமண்டலத்து வணிகர் ஒருவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்த செய்தி அதில் உள்ளது. பல தேயத்து வணிகர்க்கும் பொதுவான கோயில் என்பதைப் பெயரே சொல்கிறது. குளம், மண்டபம், விளக்கு என இவை யாவும் தனியொருவர் தமக்கெனச் சேர்த்த செல்வமல்ல. கூடி வாழ்ந்தோரின் பொதுச்சொத்து.

பாரூஸ் கல்வெட்டு கூறும் பங்கு

இக்கழகங்களுள் பெரும்புகழ் பெற்றவர் ஐந்நூற்றுவர். இவர்தம் மூலம் கன்னட நாட்டு ஐகோளே எனும் ஊர்; தமிழகத்தில் திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் எனப் பரவி விளங்கினர். ஆகவே இவரைத் தமிழர்க்கு மட்டுமே உரியோராகச் சொல்லுதல் பொருந்தாது. பல மொழியினரும் இணைந்த அமைப்பு என்பதே உண்மை.

சுமத்திராவின் மேற்குக் கரையில், கருப்பூரத்துக்குப் பெயர்பெற்ற பாரூஸ் அருகே, லோபு துவா என்னும் இடத்தில் இவர்தம் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சகம் 1010, மாசித் திங்கள் என்று அதிலேயே காலம் குறிக்கப்பட்டுள்ளது. அஃது 1088ஆம் ஆண்டாகும். அங்கே கூடிய ஐந்நூற்றுவர் செய்த முடிவு இது: மரக்கல நாயனும் கலத்தில் வந்த பிறரும், கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு, தமக்குரிய தொகையைப் பொன்னாகச் செலுத்திய பின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும்.

இதனை ஆழ்ந்து நோக்குக. தலைவனுக்கு விலக்கு இல்லை; மரக்கல நாயனின் பெயரே முதலில் வருகிறது. தொகை ஒரே நிலையில் நிற்பதன்று. சந்தை விலையோடு ஏறி இறங்குவது. முடிவு மறைவில் செய்யப்பட்டதன்று. அனைவரும் காணக் கல்லில் பொறிக்கப்பட்டது. சிவகங்கைச் சீமைப் பிரான்மலைக் கல்வெட்டும் இத்தகையதே. அங்குக் கூடிய வணிகர், பாக்கு, மிளகு, இரும்பு, பருத்தி, சந்தனம், அகில் எனச் சரக்குதோறும் இன்ன அளவு கோயிலுக்கு என்று தமக்குத் தாமே வரையறுத்துக்கொண்டனர்.

இக்காலத்தில் பொழுதுபோக்குக்காகப் பாய்மரப் படகு செலுத்தும் கழகங்கள் பல நாடுகளில் உள்ளன. சென்னையில் 1911இல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் நிறுவிய கழகம் அவற்றுள் ஒன்று. இத்தகைய கழகங்களில் ஊதியம் பெறாத உறுப்பினரே பொறுப்பேற்பர். பருவம் தொடங்குமுன் கூடிச் சந்தாவையும் கடல்நாள் அட்டவணையையும் முடிவு செய்வர். படகைப் பழுது பார்ப்பர். ஒருவர் படகு கவிழ்ந்தால் காக்கும் முறையையும் பகிர்ந்துகொள்வர். ஐந்நூற்றுவர் ஊதியம் நாடிய வணிகர், காவற்படையும் உடையவர். இக்கழகத்தாரோ இன்பம் நாடுவோர். நோக்கம் வேறாயினும் அடிப்படை ஒன்றே: கடலில் தனியன் எவனும் பாதுகாப்பாக இல்லை, கரையில் முன்கூட்டியே கூடியவனே கடலில் துணையுடையவன்.

வெற்றியும் உறவும்

இராசேந்திரனின் படையெடுப்பைச் சிறுமைப்படுத்துவது என் கருத்தன்று. ஆனால், அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றையும் சேர்த்துக் காண்க. அவன் தந்தை இராசராசனின் காலத்தில், 1006ஆம் ஆண்டளவில், கடாரத்தரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டது. 1025இல் போர். 1090இலோ, கடாரத்தரசனின் தூதுவர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அதே விகாரத்து நிலங்களுக்கு வரிவிலக்கு நல்கினான். போர்த்தழும்பு ஆறுவதற்கு இரண்டு தலைமுறைகளே போதுமாயின. வாளெடுத்தவர் மீண்டபின்னும், பருவந்தோறும் பாயெடுத்தவர் வந்துகொண்டே இருந்தனர். உறவு அவர்வழித் தழைத்தது.

பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வுகளும் நமக்கு அடக்கத்தையே கற்பிக்கின்றன. புக்கிட் பத்து பஹாட்டிலுள்ள சண்டியைக் கண்டு, இவ்விடம் முழுவதும் இந்தியர் குடியேற்றம் என்று முன்னோர் சிலர் கருதினர். 2007 முதல் சுங்கை பத்துவில் நிகழ்ந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் துருத்திக் குழாய்களும் படகுத்துறை எச்சங்களும் வெளிப்பட்டன. இம்மண்ணின் மக்கள் தாமே தொழில்வல்லவராக, வாங்கவும் விற்கவும் பொருளுடையவராக இருந்தனர். விருந்தோம்பும் வீடு வளமுடையதாக இருந்தமையாலன்றோ விருந்தினர் வந்தனர்!

நீராவியும் கங்காணியும்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் அமைத்தபின்னும் பழைய நாட்காட்டி மறையவில்லை. சோழமண்டலக் கரைக் கப்பல்களில் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை வந்து, உழைத்தும் விற்றும் சிறிது பொருள் சேர்த்துத் திரும்புவதாக லைட் 1794இல் எழுதினார். வரவும் மீள்வும் காற்றோடு பிணைந்திருந்தன.

நீராவிக் கப்பல் அப்பிணைப்பை அறுத்தது. பாய்க்கலம் எட்டாத திங்களிலும் கப்பல் ஓடிற்று. 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்பட்டபின் கூலிகளின் பயணச்செலவைத் தோட்ட உரிமையாளர் செலுத்திய தொகை ஏற்றது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிநுழைவை நிறுத்தும்வரை அம்முறை நீடித்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் நம்மவர் கழகத்தின் உறுப்பினராக, தம் பங்கைத் தாமே செலுத்தி, மீளும் திங்களை அறிந்து வந்தனர். நம் பாட்டனார் காலத்திலோ, பிறர் செலுத்திய சீட்டில், கங்காணியின் பின்னே, மீளும் நாள் அறியாது வந்தனர். கடல் ஒன்றுதான், கடந்தவர் நிலையில் எத்துணை வேறுபாடு!

எனினும், அவர்கள் வெறுங்கையராய் நின்றுவிடவில்லை. பால்மரக் காட்டின் நடுவே கோயில் எழுப்பினர். பள்ளிக் கொட்டகை அமைத்தனர். வாசகசாலையும் மன்றமும் கண்டனர். அரைவயிற்றுக் கூலியிலும் பங்கு கொடுத்தனர். அவர்தம் கணக்கேட்டில் பாரூஸ் கல்வெட்டின் மரபே மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

வரும் பருவத்துக்கு

2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் பதினொன்றாம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தி கேட்டு நாம் வருந்தினோம். ஆனால், அது இடிக்கப்படுவதற்கு முன் அதனைச் சென்று கண்டவர் நம்முள் எத்தனை பேர்? காவல் இல்லாத குளம் தூர்ந்துபோம். காண்பார் இல்லாத கல்லும் அவ்வாறே.

ஆகவே, ஆசிரியர்க்கு என் வேண்டுகோள் இது. இராசேந்திரனின் வெற்றியைக் கற்பிக்கும் அன்றே கரும்பலகையில் வங்காள விரிகுடாவை வரைந்து, இரு பருவக்காற்றையும் அம்புக்குறியிட்டுக் காட்டுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து எப்போது புறப்படுவாய், எப்போது மீள்வாய், இடையில் என்ன உண்பாய், உன் பங்காக என்ன கொடுப்பாய் என்று மாணவனைக் கேளுங்கள். வெற்றியை மனப்பாடம் செய்த சிறுவன், அப்போது வாழ்க்கையை எண்ணத் தொடங்குவான். மன்றம் நடத்துவோர்க்கும் இதில் பாடம் உண்டு. தலைவன் முதலில் செலுத்துக. கணக்கைப் பலர் காண எழுதுக. காற்று திரும்பும் முன்னரே கலத்தைப் பழுது பார்க்க.

வென்றவன் பெயர் மெய்க்கீர்த்தியில் நின்றது. குளம் வெட்டியவர் பலர் பெயரின்றி மறைந்தனர். ஆயினும் அடுத்த பருவத்தில் வந்தவர் நீர் பருகினர். நம் பள்ளிகளும் மன்றங்களும் அத்தகைய குளங்களே. அவற்றைக் காத்தல் நம் கடன்.