டூர் போனவர்களைக் கொன்றது யார்?

காய்ச்சல்னு வர்றவங்ககிட்ட "சமீபத்துல வெளியூர் எங்கயாவது போனீங்களா?" என்று கேட்டால் சிலருக்கு எரிச்சல் வரும். மாத்திரை கேட்டா ஊர்க்கதை கேக்குறாரே என்று நினைப்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு துப்பறியும் கதை இருக்கு. சொல்றேன், கேளுங்க.

1973. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியிலிருந்து ஒரு குழு ஸ்பெயினின் பெனிடார்ம் கடற்கரைக்கு பேக்கேஜ் டூர் போனது. எல்லோரும் ஒரே ஹோட்டலில் தங்கினார்கள். அவர்களில் சிலருக்குக் கடுமையான நிமோனியா வந்தது. மூன்று பேர் இறந்துபோனார்கள்.

என்ன கிருமி? யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் நோயாளிகளின் ரத்த மாதிரிகளைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தி வைத்தார்கள். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

1976 ஜூலை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் 'அமெரிக்கன் லீஜன்' என்ற முன்னாள் ராணுவத்தினர் அமைப்பின் மாநாடு. வந்தவர்கள் ஊர் திரும்பியதும் ஒவ்வொருவராக விழுந்தார்கள். மொத்தம் 34 பேர் பலி. விஷமோ என்று நிக்கல் வரைக்கும் சந்தேகப்பட்டார்கள். மாதக்கணக்கில் விடை கிடைக்கவில்லை.

சிடிசி ஆய்வகத்தில் ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி. முதலில் பார்த்தபோது சில பாக்டீரியாக்கள் அவர் கண்ணில் பட்டிருந்தன, ஆனால் முக்கியமில்லை என்று விட்டுவிட்டார். மனசு கேட்கவில்லை. டிசம்பர் விடுமுறையில் பழைய ஸ்லைடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். குற்றவாளி அங்கேயேதான் இருந்தான்! லீஜனெல்லா என்று பிறகு பெயர் வைத்தார்கள்.

இப்போது ஸ்காட்லாந்து ரத்தத்துக்கு வருவோம். 1977-ல் அதைச் சோதித்ததில் அதே கிருமிக்கான எதிர்ப்பொருள் இருந்தது. நாலு வருஷம் கழித்து வழக்கு முடிந்தது.

ஏன் இவ்வளவு நாள்? இந்தக் கிருமி வெதுவெதுப்பான தேங்கிய நீரில், குழாய்களில், பெரிய கட்டடங்களின் கூலிங் டவர்களில் வளரும். ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகள் வழியாக நுரையீரலுக்குள் போகும். நோய் தெரிய பொதுவாக 2 முதல் 10 நாள். அதற்குள் டூர் முடிந்து ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு ஆஸ்பத்திரி. ஒவ்வொரு டாக்டர் கண்ணுக்கும் தெரிவது ஒரே ஒரு நிமோனியாதான்.

அதனால்தான் ஐரோப்பாவில் இன்று ஒரே விடுதியில் தங்கிய இருவருக்கு இரண்டு வருஷத்துக்குள் இந்த நோய் வந்தாலே விசாரணை தொடங்கிவிடும்.

இன்னொரு விஷயம். இந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும். பென்சிலின் வகை மருந்து இதனிடம் பலிக்காது, வேறு ஆன்டிபயாடிக் வேண்டும். காரணம் தெரிந்தால்தானே அதை எழுத முடியும்?

அதனால டூர் போய் வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குதல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்க: எங்கே போனோம், எங்கே தங்கினோம், கூட வந்தவங்க யாருக்காவது முடியலையா.

துப்பு உங்க கையிலதான் இருக்கு.